மறு: லேட்டரல் ரீடிங் – 'பக்கவாட்டு வாசிப்பு' வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம். ஒரு தளத்தை நம்புமுன் அதை விட்டு வெளியே வந்து, அதை நடத்துவது யார் என்று வேறு இடங்களில் விசாரிப்பதை ஆங்கிலத்தில் 'லேட்டரல் ரீடிங்' (lateral reading) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'பக்கவாட்டு வாசிப்பு' என்றே வைத்துவிடலாம். நேர்ப்பொருள்தானே?

நேர்ப்பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் நாம் சொல் தேடுவது, முதியவர்கள் இணையத்தில் உடல்நலத் தகவல் தேடும்போது எதை நம்பலாம் என்று சொல்லித்தரும் பாடக்குறிப்புக்காக. போன வாரம் வகுப்பில் இந்தச் சொல்லைச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், "பக்கவாதத்துக்கு என்ன படிக்கணும் தம்பி?" என்று கேட்டார். நோயைப் பற்றியே பேசும் இடத்தில் அது காதில் அப்படித்தான் விழும்.

அப்புறம், 'பக்கவாட்டு' திசையைச் சொல்கிறது, செய்யவேண்டிய வேலையைச் சொல்லவில்லை. ஒரு தளம் 'மூட்டுவலி ஒரே வாரத்தில் போகும்' என்கிறது. அதைக் கடைசி வரிவரை படித்து எடைபோடுவதற்கு முன், உலாவியில் வேறொரு தாவலை (tab) திறந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். அதுதான் வேலை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வு நினைவிருக்கும்: 10 வரலாற்றாசிரியர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் இணையத் தளங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று பார்த்தார்கள். அவர்களிடம் காட்டிய தளங்களில் இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளுடையவை. ஒன்று 1930இல் தொடங்கிய பேரமைப்பு, மற்றது 2002இல் உருவான சிறு குழு. இரண்டும் பார்வைக்கு ஒரே கம்பீரம். ஆழ்ந்து படித்துப் பழகிய வரலாற்றாசிரியர்களிலேயே பலர் எதை நம்புவது என்று தெரியாமல் அந்தப் பக்கத்துக்குள்ளேயே நின்று தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்கள் சட்டென்று வெளியே போய் விசாரித்துவிட்டார்கள். இதை வகுப்பில் சொன்னதும், "அப்போ படித்தவங்களும் ஏமாறுவாங்களா?" என்று கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு அந்த நிமிர்வு முக்கியம்.

ஆகவே என் பரிந்துரை: *அக்கம்பக்க வாசிப்பு*. முன்பின் தெரியாதவரைப் பற்றி அக்கம்பக்கம் விசாரிப்பது முதியவர்களுக்கு யாரும் கற்றுத்தரவேண்டிய திறமை இல்லை. வினையாகவும் நன்றாக வருகிறது: "அக்கம்பக்கம் பார்த்தீர்களா?" என்று கேட்டால் உடனே புரிகிறது.

> 'அயல்வாசிப்பு' இன்னும் சுருக்கம்.

அயல் என்றால் அருகு என்ற பொருள் உண்டு, தெரியும். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் வெளிநாடுதான் நினைவுக்கு வருகிறது. அயல்நாட்டு மருத்துவத் தளங்களைப் படிக்கச் சொல்கிறோம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

> 'குறுக்குச் சரிபார்ப்பு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் அது வேறு வேலை. அதே செய்தி இன்னோர் இடத்திலும் இருக்கிறதா என்று ஒப்பிடுவது அது. ஒரே புரளியைப் பத்துத் தளங்கள் அப்படியே நகலெடுத்துப் போட்டிருந்தால் பத்தும் ஒத்துப்போகும், பொய் தேறிவிடும். இங்கே நாம் கேட்பது 'சொல்வது யார்?' என்ற கேள்வி. இந்த இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதில் எனக்குச் சமரசம் இல்லை.

வெளியே போய் விசாரிக்காமல் ஒரே தளத்துக்குள் நின்று படிப்பதைக் குறிக்க, எதிர்ச்சொல்லாக வந்த 'ஊன்றிய வாசிப்பு' வேண்டாம். ஊன்றிப் படிப்பது நல்ல பழக்கம், அதைக் குற்றமாக்கவேண்டாம். 'ஒருபக்க வாசிப்பு' சரியாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை குறிப்பு அச்சுக்குப் போகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் அதற்கு முன் எழுதுங்கள். முடிந்தால் வீட்டில் பெரியவர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்து, அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.