செம்பருத்தி வேலியின் அடி மொட்டையாக நிற்கிறது: எப்போது, எவ்வளவு வெட்டலாம்?

வேலியோரம்:
நாங்கள் புதிதாகக் குடிவந்த வீட்டின் முன்புறம் நீளமாகச் செம்பருத்தி வேலி இருக்கிறது. ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. மேலே கைவிட முடியாத அடர்த்தி. கீழே முழங்கால் உயரம் வரை வெறும் குச்சிகள். நாய்கள் தாராளமாக உள்ளே வருகின்றன. முன்பு இருந்தவர்கள் உச்சியை மட்டும் தட்டையாக வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது. தரையோடு வெட்டிவிடச் சொல்கிறார் ஒருவர். கைவைத்தால் பட்டுப்போகும் என்கிறார் இன்னொருவர். இப்போது கடும் வெயில். இப்போதே வெட்டலாமா? பக்கவாட்டில் இட்லிப்பூச் செடிகளும் வரிசையாக நிற்கின்றன. பச்சைப்பசேல் என்று இருந்தாலும் பூ மட்டும் இல்லை. எனக்கு மறைப்பும் வேண்டும், பூவும் வேண்டும்.

கணுவும்துளிரும்:
வெயில் தணியும்வரை தொடாதீர்கள். செம்பருத்தி அவ்வளவு எளிதில் சாகாது. ஆனால் இதுவரை நிழலிலேயே இருந்த உள்கிளைகள் திடீரென்று உச்சி வெயிலைக் கண்டால் பட்டை வெந்துவிடும். மண்ணில் ஈரம் இல்லாதபோது புதிதாகத் துளிர்க்கவும் செடிக்குத் தெம்பு இருக்காது. நல்ல மழை பெய்து மண் ஆழம்வரை நனையட்டும். பிறகு வானம் மூடியிருக்கிற ஒரு நாளில் ஆரம்பியுங்கள்.

அடி மொட்டையானதற்கு உச்சியை மட்டும் வெட்டியதுதான் காரணம். கிளை நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் கீழே இறங்கிப் பக்கமொட்டுகளை, அதாவது பக்கக் கிளையாகத் துளிர்க்க வேண்டிய மொட்டுகளை, உறங்க வைக்கிறது. நுனியை வெட்டியதும் வெட்டுக்கு நேர் கீழே இருக்கிற இரண்டு மூன்று மொட்டுகள்தான் முதலில் விழிக்கும். அடியில் உள்ளவை அசையாது. அதனால் உச்சி மேலும் மேலும் அடர்ந்து, கீழே போக வேண்டிய வெளிச்சத்தைத் தடுத்துவிடுகிறது. வெளிச்சம் படாத இலையைச் செடி வைத்துக்கொள்வதில்லை, உதிர்த்துவிடும்.

எனவே அடிக்கு வெளிச்சம் கொண்டுபோவதுதான் உங்கள் வேலை. தரையோடு வெட்டினாலும் செம்பருத்தி பெரும்பாலும் தழைத்துவிடும், ஆனால் பல மாதங்களுக்கு மறைப்பு இருக்காது. ஒவ்வொரு தூரிலும் மிகவும் முதிர்ந்து தடித்த தண்டுகளாகப் பார்த்து, மூன்றில் ஒரு பங்கை மட்டும் இந்த முறை 30 செ.மீ. உயரத்துக்கு இறக்குங்கள். அடுத்த ஆண்டு இன்னொரு பங்கு, அதற்கடுத்த ஆண்டு மீதி. பொறுமைதான் இதில் பாதி வேலை.

மொட்டைத் தண்டை விரலால் தடவிப் பாருங்கள். பழைய இலை உதிர்ந்த வடு தட்டுப்படும், அதற்குச் சற்று மேலே மிகச் சிறிய புடைப்பும் இருக்கும். அதுதான் உறங்கும் மொட்டு. வேலியின் வெளிப்பக்கம் பார்த்த மொட்டாகத் தேர்ந்தெடுத்து, அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே சற்றுச் சாய்வாக வெட்டுங்கள். இதற்குக் கையடக்கமான கவாத்துக் கத்தரி போதும். கட்டைவிரலைவிடத் தடித்த தண்டுக்கு ரம்பம் எடுங்கள். மழுங்கிய கத்தி தண்டை நசுக்கிவிடும், நசுங்கிய இடம்தான் முதலில் அழுகும்.

நீண்ட கைப்பிடி வைத்த வேலிக் கத்தரியை உருவம் திருத்த மட்டும் பயன்படுத்துங்கள். அப்போது அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும், கோயில் கோபுரம் போல லேசாகச் சரிந்து இருக்க வேண்டும். செங்குத்தாக வெட்டினால் நாளடைவில் மேற்பகுதி வெளியே பிதுங்கிக் கீழே மறுபடியும் நிழல் விழும். இரு முனைகளிலும் கம்பு நட்டுக் கயிறு கட்டிக்கொண்டு, கீழிருந்து மேலே வெட்டிக்கொண்டு போங்கள்.

செம்பருத்தி புதுத் துளிரில்தான் பூக்கும். வெட்டியபின் சில வாரங்கள் பூ இல்லாமல் இருந்து, பிறகு நன்றாகப் பூக்கும். இட்லிப்பூவின் கொத்து கிளையின் நுனியில் வருவது. மாதந்தோறும் நுனியை வெட்டினால் பூமொட்டும் சேர்ந்தே போய்விடும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்ததும் ஒருமுறை வெட்டிவிட்டு, அதன்பின் கைவைக்காதீர்கள். சுவர் மாதிரி வழவழப்பான வேலிக்காகப் பூவை இழப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

சிட்டுக்குரல்:
வெட்டுவதற்கு முன் இலைகளை விலக்கி உள்ளே பாருங்கள். தையல்சிட்டு இலைகளை நார் கொண்டு தைத்து, அதற்குள் கூடு கட்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு இலைகள் ஒட்டிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால், அவை பறந்து போகும்வரை அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

பசுமைநிழல்:
எங்கள் வேலி துஜா, செதில் செதிலான இலைகள் கொண்ட ஊசியிலை மர வகை. இதே முறை அதற்கும் பொருந்துமா? வரிசையின் கடைசியில் ஓர் அரளியும் இருக்கிறது.

கணுவும்துளிரும்:
துஜாவுக்குப் பொருந்தாது. இலையற்ற பழுப்புக் கட்டை வரை வெட்டினால் அந்த இடம் மறுபடி துளிர்க்காது, ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். பச்சை இருக்கிற அளவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டு வாருங்கள். உயரத்தையும் தொடக்கத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும்.

அரளியைத் தாராளமாக வெட்டலாம், தூரிலிருந்தே துளிர்க்கும். ஆனால் கையுறை அவசியம், அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. வெட்டிய கிளைகளை எரிக்க வேண்டாம், புகையும் கெடுதல். ஆடுமாடுகள் மேயும் இடத்திலும் போடாதீர்கள்.

வேலியோரம்:
மிக்க நன்றி. மழை வரும்வரை காத்திருக்கிறேன். வெட்டியபின் உரம் போட வேண்டுமா?

கணுவும்துளிரும்:
மட்கிய எரு போதும், தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மேலே காய்ந்த இலைகளால் மூடாக்கு போட்டால் ஈரம் நிற்கும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் துளிர் நெடுநெடுவென்று மெலிந்து வளரும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வந்து ஒட்டிக்கொள்ளும். புதுத் துளிர்கள் ஒரு சாண் நீளம் வந்ததும் நுனியை மட்டும் கிள்ளிவிடுங்கள். அடி அடர்வது அப்போதுதான்.