உப்பில்லாச் சோறும் லித்தியமும்

*வாட்ஸ்அப் குழு: ஆரையம்பதி வீடு*

பெரியம்மா: கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்குக் கதவு திறக்கப் போகிறது. ரமணனுக்காக நேர்ந்திருக்கிறேன். சடங்கு முடிகிற குளுத்தி நாள் வரைக்கும் அவனுக்கு உப்பில்லாச் சோறுதான். தங்கச்சி, மறந்துவிடாதே.

சுதா: பெரியம்மா, விரதத்தை நீங்கள் பிடியுங்கள். அவனுக்கு உப்பை நிற்பாட்ட வேண்டாம். மனம் ஒரு நேரம் துள்ளி ஒரு நேரம் சோர்ந்துபோகிற பைபோலர் நோய்க்கு லித்தியம் குளிசை போடுகிறவன்.

பெரியம்மா: உப்புக்கும் குளிசைக்கும் என்ன சம்பந்தம் மனே?

சுதா: உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் அதைப் பிடித்து வைக்கப் பார்க்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் ஏறிவிடும். இந்த வெயிலில் வேர்த்துக் கொட்டினாலும் அதே கதைதான்.

சின்னமாமா: எல்லாம் புது மருந்துகளின் வில்லங்கம்.

சுதா: மாமா, அது உங்களை விட மூத்தது 😄 1949இல் அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் என்ற டொக்டர் பைபோலர் மாதிரி மனம் தலைகால் தெரியாமல் துள்ளுகிற 10 பேருக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். அதே வருசம் அமெரிக்காவில் உப்பு ஆகாத இதய நோயாளிகள் சாப்பாட்டில் தூவ, உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைட்டை விற்றிருக்கிறார்கள். சிலர் செத்தே போனார்கள். பெரியம்மா சொல்கிற அதே உப்பில்லாச் சாப்பாடு!

சின்னமாமா: அப்ப நஞ்சையா பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள்?

சுதா: கூடினால் நஞ்சுதான். கேடின் முதல் நோயாளியே அப்படித்தான் 1950இல் இறந்தார். இப்போது அளந்து பார்த்துத்தானே கொடுக்கிறார்கள். இரவுக் குளிசைக்கு 12 மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். அனேகம் பேருக்கு லித்தியம் லீற்றருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் என்று நின்றால் போதும்.

ரமணன்: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் 🙂

ரமணன்: போன மாதம் வயிற்றோட்டம் வந்ததே, அப்போது தேத்தண்ணிக் கோப்பை சோசரில் கிலுகிலு என்று ஆடியது. அம்மா குளிர் என்று நினைத்தா. சுதா அக்காதான் உடனே ஆசுபத்திரிக்கு ஓடு என்றா. லித்தியம் 1.6 இருந்தது.

பெரியம்மா: எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை?

அம்மா: சொன்னால் தண்ணி ஓதக் கூட்டிக்கொண்டு போவீர்களே அக்கா.

பெரியம்மா: 🎤 0:47

ரமணன்: அழாதீர்கள் பெரியம்மா. குளிசை தொடங்க முன் நாலு இரவு படுக்காமல் வளவுக்குள் கிணறு வெட்டினவன் நான். இப்போது பத்து மணிக்கே நித்திரை.

சுதா: இன்னொன்று, உங்கள் முழங்கால் குளிசையை அவனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். டைக்லோபெனாக்கும் லித்தியத்தை ஏற்றும்.

பெரியம்மா: சரி. உப்பை நான் விடுகிறேன். குளுத்தி முடிய வா மனே, கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். உப்பு அள்ளிப் போட்டு.

சுதா: ஐயோ, அள்ளியும் போடாதீர்கள்! உப்பு திடீரென்று கூடினால் மருந்து இறங்கிவிடும். எப்போதும் போடுகிற அளவே போதும்.

ரமணன்: 🤦 குழம்பு இருக்கிறதுதானே?