வீடு புகுந்த திருட்டு: மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் நமக்கு நேர்ந்தவை (அனுபவப் பகிர்வு)

பின்சந்து வீட்டுக்காரன்

தைப்பூசத்திற்குப் பத்துமலை போய்விட்டு மறுநாள் விடியற்காலையில் திரும்பினோம். முன்கதவுப் பூட்டுகள் தொங்கியபடியே இருந்தன. உள்ளே அலமாரி காலியாகக் கிடந்தது. சமையலறையில் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய நாக்கோ சன்னலின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவி, ஒன்றுகூட உடையாமல், பின்சந்துச் சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டு, கம்பியை வளைத்து நுழைந்திருக்கிறார்கள். கொடியில் காய்ந்த துண்டை எடுத்து அந்த அடுக்கின் மேல் மூடியும் இருந்தார்கள். நகை போனதைவிட அந்த அடுக்குத்தான் இன்றுவரை என்னை உறுத்துகிறது, ஏனென்றால் அவசரத்தில் இருக்கிறவன் கண்ணாடி அடுக்க மாட்டான். பின்சந்து விளக்கு தீபாவளிக்கு முன்பே அணைந்துவிட்டது, இடப்பக்க வீடு ஏலத்திற்கு வந்து பூட்டிக் கிடக்கிறது, சந்தைத் தாண்டினால் செம்பனை (எண்ணெய்ப்பனை) காடு. எங்கள் வரிசையில் பாதிப் பேர் அன்றிரவு பத்துமலையில் இருப்போம் என்பதும் ஊரறிந்த செய்தி. இத்தனையும் சேர்ந்துதான் அவனுக்கு அந்த நிதானத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

கோர்னர் லாட்

எங்கள் மூலை வீட்டில் வெளியே நின்ற மோட்டார் சைக்கிளும் தண்ணீர் மீட்டரும் ஒரே இரவில் போயின. மீட்டரைப் பிடுங்கிய இடத்தில் விடியும்வரை தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்ததை யாருமே பார்க்கவில்லை என்கிறார்கள். பக்கத்துச் சாலையில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதி வந்த பிறகுதான் இதெல்லாம் நடக்கிறது என்பது என் எண்ணம்.

பழைய லயத்துக்காரி

நான் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவள். ரப்பர் பால்மரம் சீவப் போனவர்கள் மதியத்திற்குள் வீடு திரும்பிவிடுவார்கள், அதற்கு முன்பும் எந்த நேரமும் ஏதாவது ஒரு வாசலில் வயதானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் கதவைப் பூட்டுகிற பழக்கமே எங்களுக்கு இல்லை. இப்போது தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) கணவன், மனைவி இருவரும் தொழிற்சாலை வேனில் விடியுமுன் ஏறிவிட்டால், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்வரை சாலையே வெறிச்சோடிக் கிடக்கிறது. சென்ற ஆண்டு ஒரு காலை வேளையில், மீட்டர் படிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு தொப்பி போட்ட ஓர் இளைஞன் எங்கள் கேட்டை அசைத்துப் பார்த்தான். என் அம்மா உள்ளே போகாமல், கையிலிருந்த முருங்கைக் கீரைக் கொத்தோடு கேட்டருகே வந்து, "யார் வீட்டுப் பிள்ளைப்பா நீ? உன் அப்பா எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். அவன் பதில் சொல்லாமல் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அந்த வாரமே மூன்று சாலை தள்ளி, பகலில் ஆளில்லாத ஒரு வீடு உடைக்கப்பட்டது.

ஓய்வு பெற்ற ஆசிரியர்

சகோதரியார் லயத்தைப் பற்றிச் சொல்வதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. லயத்திலும் கோழி போனது, காஸ் தோம்பு (எரிவாயு உருளை) போனது, பித்தளைக் குத்துவிளக்கு போனது. எடுப்பவன் பெரும்பாலும் அடுத்த லயத்துப் பையனாக இருந்ததால் புகாருக்குப் போகாமல் கோயில் வாசலிலேயே பஞ்சாயத்து பேசி முடித்தோம். எங்கள் வீட்டுக் காஸ் தோம்பும் அப்படிப் போனதுதான்.

1979இல் கோகன், ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் திருட்டு எப்போது நேர்கிறது என்பதை விளக்கினார்கள்: திருட மனமுள்ளவன், எடுக்கத் தகுந்த பொருள், தடுக்கக்கூடிய ஆள் இல்லாமை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடும்போதுதான் திருட்டு நடக்கிறது. வீட்டார் வெளியே வேலைக்குப் போவதும், தூக்கிச் செல்ல எளிதான விலையுயர்ந்த பொருள்கள் வீட்டில் பெருகுவதும் அந்த விளக்கத்தின் மையம். பெண்கள் வேலைக்குப் போவதைக் குறை சொல்ல இதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி அல்லன்.

பின்சந்து நண்பருக்கு, அவர் கேட்காவிட்டாலும், ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை உடைக்கப்பட்ட வீட்டுக்கு அடுத்த சில வாரங்களில் மறுபடியும் ஆபத்து அதிகம். வழி தெரிந்தவன் மீண்டும் வருகிறான், அல்லது அதே அமைப்புள்ள பக்கத்து வீட்டுக்குப் போகிறான். இங்கிலாந்தில் ரோச்டேல் நகரின் கெர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களில் இதைக் கண்டுபிடித்துத்தான், திருட்டுப்போன வீட்டைச் சுற்றியிருந்த சில வீட்டாரை மட்டும் காவலாக ஏற்பாடு செய்தார்கள். வீட்டுக்குள் காசு போட்டு மின்சாரமும் எரிவாயுவும் பெறும் மீட்டர்களில் சேர்ந்த பணத்திற்காகவே பலர் உடைத்து வந்ததால், அவற்றையும் அகற்றினார்கள். திருட்டு வெகுவாகக் குறைந்தது. ஆகவே புதிய மறைகாணி (சிசிடிவி) வாங்குவதற்கு முன், நாக்கோ சன்னலை மாற்றுங்கள். ஏல வீட்டு வாசலில் புல் வளரவிடாமல் நீங்களே வெட்டி, உங்கள் கார்களில் ஒன்றை அங்கே நிறுத்துங்கள். விளக்குக்காக ஊராட்சி மன்றத்திற்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து எண்ணைக் குறித்து வையுங்கள். ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டுப் போங்கள். பத்துமலைப் படங்களை வீடு திரும்பிய பிறகு பதிவேற்றுங்கள். ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் காவல் அமைப்பு 1975இலிருந்து இந்நாட்டில் இருக்கிறது. நம் தாமானில் அது கூட்டுப்பணியோடும் நாசி லெமாக் சாப்பாட்டோடும் நின்றுவிடுகிறது என்பது வேறு விஷயம்.

இரவு ஷிப்டு

கோர்னர் லாட் அண்ணன் விடுதியைக் காட்டுகிறார். அந்த விடுதிக்கு எதிர் வீட்டில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். மூன்று ஷிப்டிலும் யாராவது வாசலில் சமைத்துக்கொண்டோ கைப்பேசியில் பேசிக்கொண்டோ இருப்பதால், எங்கள் சாலையில் இதுவரை ஒரு வீடும் உடைக்கப்படவில்லை. ஒரு முறை அதிகாலை வேலை முடிந்து வந்தபோது, என் கேட்டின் முன்னால் யாரோ நின்றதாக விடுதித் தம்பி ஒருவர் டார்ச் அடித்துக் காட்டி எச்சரித்தார். தண்ணீர் மீட்டர் வாங்கும் பழைய இரும்புக் கடைகளைப் பற்றி அண்ணன் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

ஆசிரியர் ஐயா சொன்ன காவல் ஏற்பாடு நல்லதுதான். ஆனால் நம் தாமானில் மாதக் காவல் கட்டணம் கட்டுகிற வீடுகள் முன்பக்கச் சாலைகளில் இருப்பவைதான். ஜாகாவும் (காவலாளியும்) அங்கேயே தடுப்புக் கம்பத்தருகில் உட்கார்ந்திருக்கிறார். செம்பனைப் பக்கம் வேலியே இல்லை. அந்த வேலிக்கு எல்லா வீடும் பணம் போட வேண்டுமா, பின்சந்து வரிசை மட்டும் போட வேண்டுமா என்பதில்தான் சென்ற கூட்டம் பாதியில் கலைந்தது.