பேஸ்மென்ட் தரையில் ஈரம்: கழிவுக் குழாய் கசிவா? உடைக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி:
வணக்கம். எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் நடுச்சுவரை ஒட்டித் தரை எப்போதும் ஈரமாக இருக்கிறது. முதலில் ஒரு தட்டு அகலம்தான் இருந்தது, இரண்டே மாதத்தில் 4 அடிக்கு 3 அடி ஆகிவிட்டது. ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது, காலையில் கதவைத் திறந்தால் சாக்கடை வாடை. அந்தத் தளத்திலேயே ஒரு கழிப்பறையும் வாஷிங் மெஷினும் உண்டு, மேல் மாடிக் கழிவுநீரும் இதே தரைக்கு அடியில் போகும் 4 அங்குலக் குழாய் வழியாகத்தான் வெளியே இருக்கும் சேம்பருக்கு (கழிவுநீர்த் தொட்டிக் குழிக்கு) போகிறது. வந்து பார்த்த ஒருவர் ஐந்து நிமிடத்தில் "தரையை முழுக்க உடைத்துக் குழாயை மாற்றிவிடலாம்" என்று சொல்லிவிட்டார். எந்தக் குழாய், எந்த இடம் என்று கேட்டால் பதில் இல்லை. உடைத்த பிறகு குழாய் நன்றாகவே இருக்கிறது என்று தெரிந்தால் நான் என்ன செய்வேன்? அம்மாவுக்கு மாடி ஏற முடியாது, கீழே இருக்கும் கழிப்பறையை வாரக்கணக்கில் மூடி வைக்கவும் முடியாது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1:
இப்போதைக்கு யாரையும் உடைக்க விடாதீர்கள். ஈரம் எங்கே இருக்கிறது என்பதைவிட எப்போது கூடுகிறது என்பதுதான் முக்கியம். நல்ல தண்ணீர்க் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும், அதனால் அது இரவு பகலாகக் கசியும். கழிவுக் குழாய் யாராவது தண்ணீர் விட்டால்தான் கசியும். நிலத்தடி நீர் என்றால் மழையை ஒட்டி ஏறி இறங்கும். முதலில் வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரில் இருக்கும் சின்ன முள்ளைப் பாருங்கள், அரை மணி நேரம் அது அசையவே இல்லை என்றால் நல்ல தண்ணீர்க் குழாய் மேல் சந்தேகம் வேண்டாம். வெள்ளை உப்பை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். கான்கிரீட் வழியாக எந்தத் தண்ணீர் ஏறினாலும் அப்படித்தான் பூக்கும்.

பதில் 2:
வாடைக்கு வேறு காரணமும் இருக்கலாம். அதிகம் புழங்காத நஹானி ட்ராப்பில் (தரை வடிகாலுக்கு அடியில் தண்ணீர் தேங்கி வாடையைத் தடுக்கும் வளைவில்) தண்ணீர் வற்றிவிட்டால் சாக்கடைக் காற்று நேராக அறைக்குள் வரும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் பாருங்கள். இன்னொன்று, மேலே ஃப்ளஷ் செய்யும்போது கீழே ட்ராப்பில் குளுகுளு என்று சத்தம் வருகிறதா, தண்ணீர் எதிர்த்து ஏறுகிறதா? அப்படி இருந்தால் அது அடைப்பு, அதற்கு வைத்தியமே வேறு.

கேள்வி கேட்டவர்:
மீட்டர் முள் ஒரு மணி நேரம் அசையவில்லை. ட்ராப்பில் தண்ணீர் ஊற்றியதும் வாடை பாதியாகக் குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. குளுகுளு சத்தம் இல்லை. மூன்று வாரமாக மழையும் இல்லை, ஈரம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. ஈரத்தின் ஓரத்தில் மரச்சுத்தியலால் தட்டினால் ஓரிடத்தில் 'டொப்' என்று வெற்றுச் சத்தம் கேட்கிறது. பயமாக இருக்கிறது.

பதில் 3 (குழாய் வேலை செய்பவர்):
வெற்றுச் சத்தம் கேட்டால் டைல்ஸ் மட்டும் பெயர்ந்திருக்கலாம், இல்லையென்றால் கசியும் நீர் அடியில் இருந்த மண்ணை அரித்துக் கொண்டு போயிருக்கலாம். எதற்கும் அந்த இடத்தில் கனமான பொருள் எதையும் வைக்காதீர்கள், தரையோடு கிடக்கும் மின் ஒயர்களை எடுத்துவிடுங்கள், ஈரத்தைத் துடைத்தால் கையுறை போட்டுத் துடையுங்கள்.

இனி சாயம். பச்சையாக ஒளிரும் ஃப்ளோரசின் சாயம் நல்லது, கிடைக்காவிட்டால் உணவுக்குப் போடும் அடர்நிறச் சாயம் போதும். ஒரே நாளில் எல்லாவற்றிலும் ஊற்றிவிடாதீர்கள், எதிலிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும். இன்று கழிப்பறை மட்டும், பிறகு ஒரு முழு நாள் பொறுத்து வாஷிங் மெஷின், அதன் பிறகு மேல் மாடி. ஈரத்தின் மேல் வெள்ளைத் துணி போட்டு வையுங்கள், நிறம் எளிதில் தெரியும். ஆனால் சாயம் வரவில்லை என்பதால் கசிவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது, மண்ணும் ஜல்லியும் வடிகட்டிவிடுவது உண்டு.

அடுத்தது பலூன் பிளக் வைத்துச் செய்யும் தண்ணீர்ச் சோதனை. சேம்பர் பக்கத்திலிருந்து குழாய்க்குள் பிளக்கை நுழைத்துக் காற்றடித்து அடைத்துவிட்டு, தரை மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நிரப்பி, சாக்பீஸால் கோடு போட்டு அரை மணி நேரம் பார்க்க வேண்டும். மட்டம் நின்றால் குழாய் நன்றாக இருக்கிறது, இறங்கினால் எங்கோ ஓட்டை. அந்த நேரத்தில் மேலே யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடக் கூடாது. இதை நீங்களே செய்ய வேண்டாம், பிளக் வழுக்கிக்கொண்டு பீய்ச்சினால் ஆபத்து, கருவி வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். அவரிடம் கேமராவும் இருந்தால் நல்லது. கேமராத் தலையில் ஒரு டிரான்ஸ்மிட்டர் இருக்கும், மேலே இன்னொரு கருவியைப் பிடித்தால் குழாய் எங்கே எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று தரையில் கோடே போட்டுவிடலாம்.

கேள்வி கேட்டவர்:
பத்து நாள் ஆயிற்று, தாமதத்துக்கு மன்னியுங்கள். கழிப்பறைச் சாயம் வரவேயில்லை. வாஷிங் மெஷின் சாயம் ஊற்றி ஐந்து மணி நேரம் கழித்துத் துணியில் லேசான பச்சை! மேல் மாடிச் சாயமும் வரவில்லை. ஆனால் மெஷினின் 2 அங்குலக் குழாய் ஈரத்திலிருந்து 6 அடி தள்ளி அல்லவா போகிறது? பிளக் வைத்துப் பார்த்ததில் 20 நிமிடத்தில் 3 அங்குலம் இறங்கியது. கேமராவில் அந்த 4 அங்குல மெயின் குழாயில் விரிசல் எதுவும் தெரியவில்லை, ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கிறது. "மெயினையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்" என்கிறார் வந்தவர்.

பதில் 3 (குழாய் வேலை செய்பவர்):
6 அடி தூரம் பெரிதில்லை. கான்கிரீட்டுக்கு அடியில் இருக்கும் ஜல்லிப் படுகையில் தண்ணீர் ஓடிப்போய், எங்கே விரிசல் கிடைக்கிறதோ அங்கேதான் மேலே வரும். ஈரம் தெரியும் இடத்தையே உடைத்துப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

மெயினை இப்போது தொடாதீர்கள், முதலில் பிரித்துப் பாருங்கள். க்ளீனவுட் (குழாயைச் சுத்தம் செய்யத் திறக்கும் மூடியுள்ள வாய்) வழியாகப் பிளக்கை உள்ளே விட்டு, மெஷின் குழாய் வந்து சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் அடைக்கச் சொல்லுங்கள். பிளக்குக்கு முன்னால், கழிப்பறைப் பக்கம் உள்ள மேல்பகுதியில் மட்டும் தண்ணீர் நிரப்பி மட்டம் நின்றுவிட்டால் கழிப்பறையும் அந்தப் பக்க மெயினும் தப்பித்தன. அப்புறம் நான்கு நாள் மெஷினைப் போடாமல் மற்றதையெல்லாம் வழக்கம்போலப் புழங்குங்கள். ஈரம் காய்ந்தால், சேம்பர் வரை உள்ள மிச்ச மெயின் அன்றாடப் புழக்கத்தில் கசியவில்லை என்று அர்த்தம். பிளக் சோதனையில் குழாய் முழுக்க நிரம்பி நிற்கும், ஆனால் அன்றாடம் அடிப்பாகத்தில் மட்டும்தான் ஓடும், அதனால் மேல்பக்க விரிசல் சோதனையில் மட்டும் காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். தண்ணீர் தேங்கும் இடம் கீழே மண் அமர்ந்ததால் குழாய் தொய்ந்த இடம். அது பின்னால் அடைப்புத் தரலாம், இன்றைய ஈரத்துக்கு அது காரணம் என்று சொல்ல முடியாது.

பதில் 2:
பழைய குழாய்க்கு உள்ளுக்குள்ளேயே லைனிங் (புதிய உள் உறை) போட்டால் உடைக்காமல் முடியாதா?

பதில் 3 (குழாய் வேலை செய்பவர்):
போடலாம். ஆனால் லைனிங் தொய்வை நிமிர்த்தாது, ஏற்கெனவே இருக்கும் வளைவோடுதான் ஒட்டும். மூட்டு முழுதாகக் கழன்று போயிருந்தாலும் அதை நம்ப முடியாது. 2 அங்குலக் குழாயில் ஒரு மூட்டுதான் கோளாறு என்றால் அந்த இடத்தைத் திறப்பதே நல்லது.

கேள்வி கேட்டவர்:
மேல்பகுதியில் 40 நிமிடம் கழித்தும் மட்டம் இறங்கவில்லை. மெஷினை நிறுத்திய மூன்றாம் நாளே ஓரங்கள் காய்ந்தன, ஐந்தாம் நாள் நடுவில் மட்டும் கொஞ்சம் ஈரம். மெஷின் குழாயிலும் சின்னக் கேமரா விட்டார்கள், ஒரு எல்போவுக்கு (வளைவு இணைப்புக்கு) பிறகு குழாய் விலகி மண் தெரிந்தது. அங்கே மட்டும் 2 அடிக்கு 2 அடி உடைத்தோம். எல்போவும் குழாயும் ஒட்டவே இல்லை, சால்வென்ட் சிமெண்ட் (பிளாஸ்டிக் குழாய் ஒட்டும் பசை) தடவிய தடமே கிடையாது! வெறுமனே செருகி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றிலும் ஒரு கூடை அளவுக்கு மண் அரித்திருந்தது. அம்மா ஒரு நாள்கூடக் கழிப்பறைக்குச் சிரமப்படவில்லை, அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. எல்லோருக்கும் நன்றி. நாளை கான்கிரீட் போடலாமா?

பதில் 3 (குழாய் வேலை செய்பவர்):
நாளை வேண்டாம். நனைந்த மண்ணை அள்ளிவிட்டு மணல் போட்டுத் திமிசுக் கட்டையால் நன்றாக இடித்து இறுக்குங்கள், 2 அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுங்கள். சால்வென்ட் சிமெண்ட் தடவிய மூட்டு இறுகியதும் குழி திறந்திருக்கும்போதே பிளக் வைத்து மறுபடி தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். அதன் பிறகு மெஷினில் சுடுதண்ணீர் விட்டு நாலைந்து தடவை துவையுங்கள், மூட்டைச் சுற்றி காகிதம் வைத்திருந்தால் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரியும். காகிதம் காய்ந்தே இருந்தால் மூடுங்கள். மூடும் முன் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் போட்டோ எடுத்து, இரண்டு சுவர்களிலிருந்தும் எத்தனை அடி என்று எழுதி வையுங்கள்.