பெர்தூட் பாஸ்: அபாய அளவு 3 என்றால் ஸ்னோஷூவில் போகலாமா?

டென்வர்_புதுசு:
டென்வருக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் கொலராடோவின் பெர்தூட் பாஸ் மலைக்கணவாய் பக்கம் ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமல் இருக்க மாட்டும் அகலமான காலணி) மாட்டிக்கொண்டு நடக்கலாம் என்று இருக்கிறோம். கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் தளத்தில் பனிச்சரிவு அபாய அளவு 3 என்று போட்டிருக்கிறது. ஐந்துக்கு மூன்று என்றால் நடுத்தரம்தானே? கடைசியாகப் பனி பெய்து ஐந்து நாளாச்சு, வெயிலும் அடிக்கிறது. ஸ்கீ விடுகிறவனுக்குத்தான் ஆபத்து, நடக்கிறவனுக்கு என்ன என்கிறான் நண்பன். சரியா?

குழிதோண்டி:
நண்பர் சொல்வது தப்பு. சரிவுக்கு ஸ்கீ எது, ஸ்னோஷூ எது என்று தெரியாது, மேலே ஏறும் எடைதான் கணக்கு. 3 என்பதை பரீட்சை மார்க் மாதிரி பார்க்காதீர்கள். தானாகவே சரியலாம், ஆள் ஏறினால் சரிய நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். 4, 5 என்றால் பாதிப் பேர் வீட்டோடு இருந்துவிடுவார்கள், 3-க்குத்தான் துணிந்து கிளம்பி மாட்டிக்கொள்கிறார்கள்.

ஐந்து நாள் கணக்கும் இங்கே உதவாது. அக்டோபர், நவம்பரில் விழுகிற பனி மெல்லிசாகக் கிடக்கும். அடியில் தரை கிட்டத்தட்ட 0 டிகிரி, மேலே காற்று மைனஸ் 15. இந்த வித்தியாசத்தில் பனிக்குள் நீராவி கீழிருந்து மேலே ஏறி, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத பருமணிகளாக மாற்றிவிடும். போன ஜனவரியில் குழி தோண்டிப் பார்த்தேன்: மேலே பலகை மாதிரி கெட்டி, அடியில் ஒரு சாண் உயரத்துக்கு அப்படியே வறுத்த ரவை, பிடித்தால் விரலிடுக்கில் கொட்டியது. அந்த ரவைமேல்தான் மொத்தப் பனியும் உட்கார்ந்திருக்கிறது, அது இறுக வாரக்கணக்கில், சில வருஷம் மாதக்கணக்கில் ஆகும்.

மலைக்கிறுக்கு:
தம்பி, போகவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 30 டிகிரிக்குக் குறைந்த சரிவில் அநேகமாகச் சரியாது, 30 முதல் 45 வரைதான் வம்பு. கோணத்தை நிறத்தில் காட்டும் மேப் ஆப்கள் இருக்கின்றன, பாருங்கள். ஆனால் நீங்கள் சமதளத்தில் நடந்தாலும் தலைக்கு மேலே என்ன நிற்கிறது என்றும் பார்க்கணும், கீழே மிதித்து மேலே அறுந்து வருவதும் உண்டு. காலடியில் 'வும்ப்' என்று சத்தம் வந்து பனி லேசாக உட்கார்ந்தால், அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

டென்வர்_புதுசு:
பயமாக இருக்கிறது. பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பி வாங்குமே, அந்தப் பீக்கன் கருவி நாலு பேருக்கு ஒன்று போதுமா?

குழிதோண்டி:
ஒன்றை வைத்து யார் யாரைத் தேடுவது? ஆளுக்கொரு பீக்கன், பனியில் குத்தித் தேடும் புரோப் கம்பு, மண்வெட்டி. புதைந்தவரை முதல் 10, 15 நிமிஷத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார், அரை மணி தாண்டினால் கஷ்டம், அதனால் மீட்புக் குழு வந்து சேரும்வரை உங்கள் நாலு பேரைத் தவிர யாரும் கிடையாது. அப்புறம், செல்போனை பீக்கனோடு ஒரே பாக்கெட்டில் போடாதீர்கள், குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கணும், தேடும்போது 50.

டென்வர்_புதுசு:
நண்பனிடம் காட்டினேன். முதலில் சிரித்தான், இப்போது நாலு செட் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறான். சனிக்கிழமை வேறு சமதளப் பாதை பார்க்கிறோம்.