முதல் தையல் மிஷின்: எதை வாங்கலாம்?

வணக்கம். ஆறு மாதமாகக் கைத்தையல்தான். தலையணை உறை, திரைச்சீலை ஓரம், பிரிந்துபோன பை என்று எதையாவது தைத்துக்கொண்டிருக்கிறேன். மிஷின் வாங்கலாம் என்று கிளம்பினால் குழப்பம்தான் மிச்சம்.

தோழியின் வீட்டில், காலால் மிதிக்கும் பழைய மிஷினில் உட்கார்ந்து பார்த்தேன். நேர்த்தையல் மட்டும்தான், ஆனால் நாலு மடிப்பு ஜீன்ஸ் துணியை முனகாமல் தைத்தது. (16-ஆம் எண் தடித்த ஊசியில். அதற்கு முன் மெல்லிய 11-ஐப் போட்டு நான் ஒடித்தது தனிக்கதை.) கடையில் காட்டிய மின்சார மிஷினில் ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து போகும் தையல்), காஜா (பட்டன் துளைத் தையல்), இன்னும் இருபது சொச்சம் தையல்கள். பூ வடிவத் தையலை வாழ்நாளில் இரண்டு முறை போட்டால் அதிகம்!

என் பணத்துக்கு இரண்டில் ஒன்றுதான் முடியும்: நல்ல நிலையில் உள்ள பழைய கனமான மிஷின், இல்லாவிட்டால் புதிதாக ஒரு சாதாரண மின்சார மிஷின். துணி ஓரம் பிசிறாமல் இருக்க ஜிக்ஜாக் வேண்டும் என்றே தோன்றுகிறது. பாபினை (அடிநூல் சுற்றிய சிறு உருளை) மேலிருந்து போடும் வகை புதியவர்களுக்கு எளிது, நூல் தீர்வதும் கண்ணில் படும் என்கிறார்கள். பழகும்போது அவ்வளவு வித்தியாசம் தெரியுமா?

அப்புறம், பழையது வாங்குவதானால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் போதுமா, துணி கொண்டுபோய்த் தைத்தே பார்க்கணுமா? தைத்துப் பழகியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.