பிளக் சென்சரில் 178 டிகிரி காட்டுகிறது, பயப்பட வேண்டுமா?

தாம்பரம்350:
வணக்கம். என்னுடையது 2014 ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக், கார்புரேட்டர் மாடல். ஜிபி ரோட்டில் ஒரு டிஜிட்டல் டெம்பரேச்சர் மீட்டர் வாங்கி, கூட வந்த ரிங் சென்சரை வலது பக்க ஸ்பார்க் பிளக் அடியில் மாட்டியிருக்கிறேன். சென்சர் வயர் ஹேண்டில்பார் வரை எட்டவில்லை. ஹெட்டுக்கு (எஞ்சின் சிலிண்டரின் மேல்மூடி) மேலே, டேங்க் அடியிலேயே சாதா காப்பர் வயரை ஒட்டுப்போட்டு நீட்டிவிட்டேன்.

ஜிஎஸ்டி ரோட்டில் 60இல் போகும்போது 130 காட்டுகிறது. பெருங்களத்தூர் நெரிசலில் சிக்கினால் 178 வரை ஏறுகிறது. காரில் 110 வந்தாலே பதறுகிறோம். மெக்கானிக் அண்ணன் "மீட்டரைக் கழட்டிக் கடாசு" என்கிறார். எத்தனை டிகிரியில் வண்டியை நிறுத்த வேண்டும்?

சேலத்து_ரைடர்:
எதற்கு நண்பா இத்தனை வயர்? லேசர் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி ஹெட்டைச் சுட்டுப் பாருங்கள், வேலை முடிந்தது. என் வண்டியில் 90ஐத் தாண்டியதே இல்லை.

பழைய_இரும்பு:
சேலத்துத் தம்பி, பளபளக்கும் அலுமினியத்தில் அந்தத் துப்பாக்கி குறைத்துத்தான் காட்டும். மினுக்கும் உலோகம் தன் சூட்டைக் கதிராக விடுவது ரொம்பக் கம்மி. துப்பாக்கிக்குத் தெரிவதில் பாதி, சுற்றியுள்ள பொருட்களின் பிரதிபலிப்பு. பார்க்கும் இடத்தில் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வையுங்கள், உங்கள் 90 எங்கே போகிறதென்று பாருங்கள்.

தாம்பரம் தம்பிக்கு வருகிறேன். காரில் நீங்கள் பார்ப்பது தண்ணீரின் சூடு, இங்கே பார்ப்பது ஹெட் உலோகத்தின் சூடு. இரண்டையும் ஒப்பிடவே கூடாது. சின்ன விமானங்களில் வரும் லைகாமிங் ஏர்கூல்டு (காற்றிலேயே குளிரும்) எஞ்சின்கள் பலவற்றுக்கு ஹெட் சூட்டின் உச்ச வரம்பே 260 டிகிரி. ஓட்டுகிறவர்கள் 200ஐத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் 178 நெரிசலுக்கு நியாயமான எண்தான், அது உண்மையான 178ஆக இருந்தால்.

எனக்குச் சந்தேகமே அங்கேதான். அந்த ரிங் கே-டைப் தெர்மோகப்பிள் என்றால், இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் சேர்க்கை அது. சூடான முனைக்கும் மறுமுனைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே அது சொல்லும். மறுமுனையின் சூட்டை மீட்டர் தன் பக்கத்தில் அளந்து கூட்டிக்கொள்ளும். நீங்கள் காப்பர் போட்டதும் மறுமுனை ஒட்டுப்போட்ட இடத்துக்கு வந்துவிட்டது. டேங்க் அடியில் 60 டிகிரி, மீட்டர் இருக்கும் இடத்தில் 35 என்றால், 25 டிகிரி குறைத்துக் காட்டும். நெரிசலில் டேங்க் அடி இன்னும் கொதிக்கும், பிழையும் கூடும். கே-டைப் நீட்டிப்பு வயர் தனியாகக் கிடைக்கும், அதையே போடுங்கள். பிளஸ் மைனஸ் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பிளக்கின் சொந்த வாஷருக்கு மேல் ரிங்கையும் போட்டால் பிளக் கொஞ்சம் வெளியே தள்ளி உட்காரும். நான் வாஷரை எடுத்துவிட்டு ரிங்கை மட்டும்தான் போட்டிருக்கிறேன்.

எத்தனையில் நிறுத்துவது என்று கேட்டீர்கள். ஒரே எண் சொல்ல மாட்டேன். ஏர்கூல்டு வண்டியில் வெளிவெயில் 15 டிகிரி கூடினால் ஹெட்டும் ஏறக்குறைய அவ்வளவு கூடும், மார்கழி எண்ணும் சித்திரை எண்ணும் ஒன்றாக இருக்காது. அதே ரோடு, அதே வேகம், அதே வெயில், ஆனால் வழக்கத்தைவிட 20, 25 கூடுதல் என்றால்தான் இறங்கிப் பார்க்க வேண்டும். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடித்துக் காற்று உறிஞ்சுகிறதா, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் அடைத்திருக்கிறதா, ஆயில் குறைந்திருக்கிறதா, எஞ்சினைக் குளிர்விக்கும் ஃபின் தகடுகளின் இடுக்கில் சேறு காய்ந்து கிடக்கிறதா. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போது எண் ஏறத்தான் செய்யும். கூடவே கலகலவென்று நாக்கிங் சத்தம் வந்து பிக்கப் விழுந்தால் மட்டும் ஓரங்கட்டுங்கள்.

சேலத்து_ரைடர்:
ஓரங்கட்டியதும் தண்ணி ஊற்றலாமா அண்ணே? எங்கள் ஊரில் எல்லோரும் செய்வார்கள்.

பழைய_இரும்பு:
தண்ணியை நீங்கள் குடியுங்கள். ஒரே பக்கம் திடீரென்று குளிர்ந்தால் ஹெட் கோணும், ஃபின் விரிசல் விடும். நிழலில் கால் மணி நேரம் விட்டாலே போதும்.

தாம்பரம்350:
நீட்டிப்பு வயர் வாங்கி மாற்றிவிட்டேன் அண்ணே. 60இல் போகும்போது இப்போது 148. நெரிசலில் நேற்று 205 தொட்டது!

பழைய_இரும்பு:
அதுதான் நிஜ எண். இனிமேல் சிக்னலில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதாக இருந்தால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஆயில் மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்றும் சொல்லுங்கள்.